டயட்டீஷியன் ஆகப் போகிறவர்கள் ரேஷன் கார்டையும் படிக்க வேண்டும்

மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, சர்க்கரை நோய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு என் மேசைக்கு வந்தார். பூக்கட்டி விற்கிறவர். விடியற்காலை நாலு மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார், மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். நான் வழக்கம்போல அச்சடித்து வைத்திருந்த உணவுப் பட்டியலை எடுத்து விளக்கினேன். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஒரு ஆப்பிள், மதியம் ஒரு கப் சாதம், ஒரு கப் பருப்பு, இரண்டு கப் காய். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இதெல்லாம் சரிம்மா. ரேஷன்ல போடுறதை வச்சு ஒண்ணு எழுதிக் குடேன்" என்றார்.

எனக்கு எழுதத் தெரியவில்லை. முதுநிலைப் பட்டம் வாங்கியிருந்தேன். சிறுநீரக நோயாளிக்கு பொட்டாசியம் கணக்குப் போடுவேன், குழாய் வழி உணவுக்குக் கலோரி கணக்குப் போடுவேன். ஒரு ரேஷன் கார்டுக்கு மாதம் எவ்வளவு பருப்பு கிடைக்கிறது என்பது மட்டும் தெரியாது.

அன்று வீட்டுக்குப் போய்த்தான் அந்தக் கணக்கைப் போட்டேன். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், இரண்டும் கார்டுக்கு மாதம் ஒன்று. நாலு பேர் இருக்கும் வீட்டில் அந்த ஒரு கிலோ பருப்பை முப்பது நாளைக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் வரும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரிச் சாப்பாட்டில் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்ந்து 85 கிராம் இருக்க வேண்டும் என்கிறது. 8 கிராம் பருப்பில் புரதம் 2 கிராம்கூடத் தேறாது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது சுமார் 46 கிராம். கடையில் காசு கொடுத்துக் கூடுதலாகப் பருப்போ மீனோ வாங்க முடியாத வீட்டில் மீதிப் புரதத்தின் பெரும்பகுதி சோற்றிலிருந்துதான் வருகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதை ஈடுகட்ட வேண்டிய பருப்போ தட்டில் இல்லை. அந்த அம்மாவிடம் "சாதத்தைக் குறைங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அவருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும் புரதத்தையும் சேர்த்துக் குறைக்கச் சொல்கிறோம் என்று அர்த்தம்.

இன்னொன்றையும் நான் கவனிக்கவில்லை. சர்க்கரைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளைக் காலையில் போட்டுவிட்டு மூன்று மணி வரை வெறும் டீயோடு இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று சேர்த்து வைத்துப் பார்த்து டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டியது நான்தான்.

ஒரே மேசையில், ஒரே ஆளிடம் நான் செய்த இந்த இரண்டு தவறும் இரண்டு வேறு படிப்புகளைச் சேர்ந்தவை. மாத்திரையும் நேரமும் மருத்துவ உணவியல். ரேஷன் பருப்பு பொதுச் சுகாதார ஊட்டச்சத்து. "டயட்டீஷியன் ஆகணும், மேலே என்ன படிக்கலாம்?" என்று கேட்கும் மாணவிகளிடம் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் டயட்டீஷியன் என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். வேலைகள் வேறு வேறு.

மருத்துவ டயட்டீஷியன் நோயாளியைப் பார்க்கிறார். அவர் கையில் இருப்பது ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு, எடை, மருந்துச் சீட்டு. ஒரு சின்ன உதாரணம் போதும். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கிய 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் புரதத்தை ஒரு நாளைக்கு 36-லிருந்து 48 கிராமுக்குள் வைக்கச் சொல்லலாம். அதே ஆளுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு 60-லிருந்து 72 கிராம் வரை தேவைப்படும், ஏனென்றால் டயாலிசிஸ் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்களையும் சேர்த்து வெளியே எடுத்துவிடுகிறது. குடும்பத்தாருக்கு இது பெரிய குழப்பம். "போன மாசம் பருப்பு கூடாதுன்னீங்க, இப்ப முட்டை சாப்பிடச் சொல்றீங்களே" என்பார்கள். அதைப் பொறுமையாக விளக்கி, காயைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும் என்று செய்து காட்டி, இளநீரை ஏன் தொடக்கூடாது என்று புரியவைப்பதுதான் அந்த வேலை. உயிர் சம்பந்தப்பட்ட வேலை. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை.

பொதுச் சுகாதார ஊட்டச்சத்து படித்தவருக்கு நோயாளி ஒரு ஊர், ஒரு மாவட்டம், சில சமயம் ஒரு மாநிலம். தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சிறுதானியமோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, கூட அந்தந்த ஊரில் கிடைக்கும் காய் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அந்த 15 கிராமைக் கவனியுங்கள். நாலு பேர் வீட்டில் ரேஷன் பருப்பு ஒரு ஆளுக்கு நாள் முழுக்கத் தருவதைப்போல் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதுவும் ஒரே வேளையில். மதியச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் என்று வைத்தால் வாரத்துக்கு 30 கிராம். ரேஷன் பருப்பிலிருந்து அதே பிள்ளைக்கு வாரத்துக்கு வருவது 13 கிராம் அளவுதான். 15 கிராமா 10 கிராமா, முட்டை ஐந்தா மூன்றா என்று ஒரு அரசாணையில் எழுதும் எண், எந்த டயட்டீஷியனும் ஆயுள் முழுக்க உட்கார்ந்து பார்க்க முடியாத அளவு பிள்ளைகளின் தட்டைத் தீர்மானிக்கிறது. இதை உணர்ந்த நாளில்தான் நான் மறுபடியும் படிக்கப் போனேன்.

அந்தப் படிப்பில் என்னை உலுக்கிய முதல் பாடம் ஒரு எண்ணைப் பற்றியது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு இரும்புச்சத்து தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-ல் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன: 29 மில்லிகிராம், 15 மில்லிகிராம். முதல் எண் பரிந்துரைக்கப்படும் அளவு. கிட்டத்தட்ட எல்லாப் பெண்களின் தேவையையும், நூற்றுக்கு 97 பேருக்கு மேல், பூர்த்தி செய்துவிடும்படி மேலே தூக்கி வைத்த எண் அது. இரண்டாவது சராசரித் தேவை. பாதிப் பேருக்கு அது போதும், பாதிப் பேருக்குப் போதாது.

எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு பெண்ணுக்குப் பட்டியல் போடும்போது, அவருடைய உடலின் உண்மையான தேவை நமக்குத் தெரியாது. அதனால் பாதுகாப்பாக 29-ஐ நோக்கிப் போகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஊரில் எத்தனை பெண்களுக்கு இரும்புச்சத்து போதவில்லை என்று கணக்கெடுக்கும்போது 29-ஐ அளவுகோலாக வைத்தால், அநேகமாக ஊரே பற்றாக்குறையில் இருப்பதாகக் காட்டும். தினமும் 20 மில்லிகிராம் சாப்பிடுகிற, உண்மையில் போதுமான அளவு கிடைக்கிற பெண்ணும் அந்தக் கணக்கில் குறையுள்ளவராகிவிடுவார். அதை நம்பி அரிசியிலும் மாவிலும் உப்பிலும் மாத்திரையிலும் ஒரே சமயத்தில் இரும்பைச் சேர்க்கத் தொடங்கினால், தேவையில்லாதவர்களுக்கும் அது போய்ச் சேரும். மக்கள்தொகைக்குச் சராசரித் தேவை, தனி ஆளுக்குப் பரிந்துரை அளவு. முதல் பட்டத்தில் இந்த இரண்டும் ஒரே அட்டவணையின் இரண்டு பத்தியாகத்தான் எனக்குத் தெரிந்தன.

அடுத்த பாடம், ஒரு எண் எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்பது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் 40.4 சதவீதப் பெண்கள் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. பருமனும் பற்றாக்குறையும் ஒரே தெருவில், பல நேரம் ஒரே வீட்டில் இருக்கின்றன. அதே சமயம், ரத்தசோகை எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். குடும்பநல ஆய்வில் விரல் நுனியைக் குத்தி எடுத்த துளி ரத்தத்தில் சோதித்தார்கள். 2016-18-ல் நடந்த தேசிய அளவிலான விரிவான ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அதில் தெரிந்தது. அதற்குச் சற்று முன்பு நடந்த நான்காவது குடும்பநல ஆய்வில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வந்த எண் 58.6 சதவீதம். வயது வரம்பு கொஞ்சம் மாறுகிறது, உண்மைதான். ஆனாலும் இடைவெளி பெரிது. விரலை அழுத்திப் பிழியும்போது திசு நீரும் ரத்தத்தோடு கலந்துவிடலாம். அதனால் அளவு மாறும். இந்த விவாதத்துக்குப் பிறகுதான் அடுத்த குடும்பநல ஆய்விலிருந்து ரத்தசோகைச் சோதனையையே எடுத்துவிட்டு, நரம்பு ரத்தத்தில் அளக்கும் தனி ஆய்வை தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திடம் கொடுத்தார்கள்.

புள்ளிவிவரப் பாடம் என்றாலே நம் மாணவிகளுக்கு ஒரு பயம். எனக்கும் இருந்தது. ஒரு குழந்தையின் உயரத்தை நாமே அளந்து பார்த்த பிறகு அந்தப் பயம் போய்விடும்.

களப்பயிற்சியில் முதல் வாரம் முழுக்க எங்களுக்கு அளவெடுக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைப் படுக்கவைத்துத்தான் நீளம் அளக்க வேண்டும். அதற்கு ஒரு பலகை, இரண்டு ஆள். ஒருவர் தலையைப் பலகையின் முனையில் ஒட்டினாற்போல் பிடித்துக்கொள்வார், மற்றவர் முழங்காலை மெதுவாக அழுத்தி, பாதம் நேராக நிற்கும்படி நகரும் தட்டைக் கொண்டுவந்து சேர்ப்பார். குழந்தை வீறிட்டு அழும், அம்மா பதறுவார், அங்கன்வாடி டீச்சர் கிலுகிலுப்பையை ஆட்டுவார். படுத்து அளப்பதற்கும் நின்று அளப்பதற்கும் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். கால் அங்குலத்தைச் சற்றே தாண்டும் அந்தப் பிசகில் ஒரு குழந்தை 'குட்டையானது' என்ற கணக்கில் விழலாம், அல்லது விழ வேண்டிய குழந்தை தப்பிவிடலாம். அப்புறம் கைச்சுற்றளவு நாடா. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடது மேற்கையின் நடுவில் சுற்றி, 11.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் கடுமையான ஊட்டக்குறைவு. நாடாவில் அந்த இடம் சிவப்பு. பார்க்கச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையின் கையில் சிவப்பு வந்ததை முதன்முதலில் பார்த்தபோது, நாடாவை மறுபடி மறுபடி சுற்றிப் பார்த்தேன்.

இருபத்துநாலு மணிநேர உணவு நினைவுகூரல் என்று ஒரு முறை இருக்கிறது. கேட்க எளிது: நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்? ஆனால் நம் வீடுகளில் யாரும் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதில்லை, ஒரே பானையிலிருந்து எல்லாரும் சாப்பிடுகிறோம். அதனால் பானையிலிருந்து தொடங்க வேண்டும். உலையில் போட்ட அரிசி எவ்வளவு? 600 கிராம். வெந்த சாதம் நம் அளவுக் கிண்ணத்தில் எத்தனை? 12. அந்த அம்மா சாப்பிட்டது? 3 கிண்ணம். அப்படியானால் அவர் சாப்பிட்ட அரிசி 150 கிராம். இதே கணக்கைக் குழம்புக்கும் போட வேண்டும், பொரியலுக்கும் போட வேண்டும். எண்ணெயை யாரும் அளந்து ஊற்றுவதில்லை, அதனால் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று கேட்டுப் பிரிக்க வேண்டும். நாலு வேளை டீயில் போட்ட சர்க்கரையை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் நினைவு வரும். கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணின் தட்டில் குழம்பு இருக்கும், அதில் காய் இருந்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும். இந்த முறையை ஒழுங்காகக் கற்றவர் மருத்துவமனை மேசைக்குத் திரும்பிப் போனால், பட்டியலை நீட்டுவதற்கு முன் கேள்வி கேட்பார்.

இந்தக் கண்ணோட்டம் நமக்கு வெளியிலிருந்து வந்தது இல்லை. இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி தொடங்கிய இடமே குன்னூர். 1918-ல் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து அவர் நடத்திய சோதனையில், முழுக் கோதுமையும் பாலும் பருப்பும் காயும் கொண்ட சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணச் சாப்பாடு தின்றவை கடைசியில் நின்றன. அந்த ஆய்வகம்தான் 1928-ல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1937-ல் அதன் இயக்குநராக இருந்த வாலஸ் அய்க்ராய்டு குன்னூரிலிருந்து இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து வெளியிட்டார். இன்றைக்கு நாம் புரட்டுகிற, 2017-ல் வந்த 528 உணவுகளின் அட்டவணைக்கு முன்னோடி அது.

இன்னொன்று 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலகம் முழுக்கப் பொதுச் சுகாதார ஊட்டச்சத்து வகுப்புகளில் பேசப்படும் இந்தத் திட்டத்தை, நம் கல்லூரிகளிலேயே பலர் கேள்விப்படாமல் படித்து முடிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டார்கள். எல்லாருக்கும் எப்போதும் உணவு கொடுப்பதற்குப் பதிலாக, எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைக்கு மூன்று மாதம் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். குழந்தை மெலிந்த பிறகு பிடிப்பதைவிட, வளர்ச்சி தடுமாறும் மாதத்திலேயே பிடித்துவிடுவது. வேலைக்கு எடுத்த ஊட்டச்சத்துப் பணியாளர் அதே ஊர்க்காரப் பெண். வறுமையிலும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்தவராகத் தேடி எடுத்தார்கள். அப்படிப்பட்டவர் சொன்னால் பக்கத்து வீட்டு அம்மா கேட்பார். எந்த விளம்பரப் பலகையும் செய்யாத வேலை இது.

சரி, படிப்புக்கு வருவோம். இளநிலையில் ஊட்டச்சத்து, உணவியல் அல்லது மனையியல் படித்தவர்களுக்கு வழி நேராக இருக்கிறது. தமிழ்நாட்டில் கோவை அவினாசிலிங்கம், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி, எத்திராஜ், ஸ்ரீ ராமச்சந்திரா, சேலம் பெரியார் பல்கலைக்கழகம், காந்திகிராமம் என்று பல இடங்களில் இந்தத் துறை இருக்கிறது. பெயர்கள்தான் மாறும்: உணவு மற்றும் ஊட்டச்சத்து, மருத்துவ ஊட்டச்சத்து, உணவியல். வேலூர் சி.எம்.சி.யில் உணவியலில் முதுநிலைப் பட்டயம் உண்டு, மருத்துவமனை வேலைக்கு அந்தப் பயிற்சி நல்ல அடித்தளம். பொதுச் சுகாதாரப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பயன்பாட்டு ஊட்டச்சத்து முதுநிலைப் பட்டம் முக்கியமானது. கொல்கத்தாவில் 1932 முதல் இயங்கும் அகில இந்திய சுகாதார மற்றும் பொதுச் சுகாதார நிறுவனமும் ஊட்டச்சத்துப் படிப்புக்குப் பெயர்போனது. எம்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார முதுநிலை மூன்றாவது வழி. சென்னையிலேயே தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் அது இருக்கிறது, ஆனால் அங்கே மையம் நோய்ப்பரவியல், ஊட்டச்சத்து ஒரு பகுதிதான்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எம்.பி.எச். படித்தால் டயட்டீஷியன் ஆகிவிட முடியாது. பதிவுபெற்ற டயட்டீஷியன், அதாவது ஆர்.டி., ஆக வேண்டுமானால் 1963-ல் அமைந்த இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வை எழுத வேண்டும். அதற்கு ஊட்டச்சத்து அல்லது உணவியலில் தகுந்த பட்டமும், மருத்துவமனையில் பதிவுபெற்ற டயட்டீஷியனின் கீழ் மாதக்கணக்கில் எடுத்த பயிற்சியும் வேண்டும். எத்தனை மாதம், எந்த மருத்துவமனை ஏற்கப்படும் என்பதைப் பட்டப்படிப்பில் சேரும் முன்பே சங்கத்தின் அப்போதைய விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த பிறகு "உங்க பாடத்துல இந்தத் தாள் இல்லையே" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் அறிவேன். இரண்டு வருடப் படிப்பு, வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம்.

சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆர்.டி. என்பது ஒரு சங்கம் தரும் தகுதிதான், இது இல்லாமல் பெயர்ப்பலகை மாட்டக்கூடாது என்று நெடுங்காலம் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. 2021-ல் வந்த துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் முதன்முறையாக ஊட்டச்சத்துத் துறையைத் தன் பட்டியலில் சேர்த்தது. அதில் இரண்டு பெயர்கள் தனித்தனியாக இருக்கின்றன. டயட்டீஷியன் என்பதற்குக் கீழே மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பவரும் உணவு தயாரிப்பை நிர்வகிப்பவரும், நியூட்ரிஷனிஸ்ட் என்பதற்குக் கீழே பொதுச் சுகாதார ஊட்டச்சத்து வல்லுநரும் விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநரும். சுகாதார வல்லுநராகப் பதிவு செய்ய, மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணிநேரம் கொண்ட பட்டப்படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். இதன் தொடர்ச்சியாக, உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், மருத்துவ ஊட்டச்சத்து, உணவியல் படிப்புகளைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்துவதை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படிக்கலாம் என்று இருந்தவர்களுக்கு இது கஷ்டம்தான், குறிப்பாகக் கல்யாணமான பிறகு படிப்பைத் தொடர நினைத்த பெண்களுக்கு. ஆனாலும் டயாலிசிஸ் வார்டில் ஒரு நாள்கூட நிற்காமல் சிறுநீரக உணவு சொல்லிக்கொடுக்கும் பட்டத்தை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு இந்த இரட்டைப் பாதை இன்னும் தெளிவாகத் தெரியும். பிரிட்டனில் டயட்டீஷியன் என்பது சட்டம் காக்கும் பெயர், சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை அமைப்பில் பதிவில்லாமல் அதைச் சொல்லிக்கொள்வது குற்றம். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, பொதுச் சுகாதார ஊட்டச்சத்து படித்தவர்கள் தனியாக ஒரு தன்னார்வப் பதிவேட்டில் சேர்கிறார்கள். அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல் முதுநிலைப் பட்டம் இல்லாதவர்கள் பதிவுத் தேர்வையே எழுத முடியாது. அதற்கு முன்பு இளநிலை போதும். அங்கே பல மாணவர்கள் பொதுச் சுகாதார ஊட்டச்சத்தில் எம்.பி.எச். படித்துக்கொண்டே டயட்டீஷியன் தகுதியும் பெறுகிறார்கள், ஆனால் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு உணவியல் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் இருந்தால்தான். குறைந்தது 1,000 மணிநேரம் மேற்பார்வையில் பயிற்சியும் முடிக்க வேண்டும். ஏஜென்ட் கையேட்டில் 'பொதுச் சுகாதாரம், ஊட்டச்சத்து' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் கடன் வாங்காதீர்கள். அந்தப் படிப்பை முடித்தவர்கள் பதிவுத் தேர்வு எழுத முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள்.

வேலை என்று பார்த்தால், மருத்துவமனைகள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 'இந்தியாப்' (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது, நாட்டின் அளவு 11.4. ஆனால் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் குறைவு, ஒரே டயட்டீஷியன் பல வார்டுகளுக்கு ஓட வேண்டியிருக்கிறது. பொதுச் சுகாதாரப் பக்கம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், மருத்துவக் கல்லூரிகளில் கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளைச் சேர்த்துத் தேற்றும் மையங்கள், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று இடங்கள் உண்டு. பல ஒப்பந்த வேலைகள், நிரந்தரமில்லை. இதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இரண்டு பக்கமும் தெரிந்தவர்களுக்கான தேவை எப்படிப்பட்டது என்பதை ரேஷன் கடை வாசலிலேயே பார்க்கலாம். செறிவூட்டப்பட்ட அரிசி வந்தபோது "பிளாஸ்டிக் அரிசி கலக்குறாங்க" என்று எத்தனை ஊரில் பேசினார்கள்! நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்த அந்த மணிகள், அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவில் வார்த்தவை. நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், சில மணிகள் தண்ணீரில் மிதக்கும். பெண்கள் அதைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் உலையில் போட்டார்கள். இது பிளாஸ்டிக் இல்லை என்று விளக்க ஒருவர் வேண்டும். அதே ஆள், "எங்க பையனுக்குத் தலசீமியா, அடிக்கடி ரத்தம் ஏத்துறோம், இவனுக்கு இந்த அரிசி கொடுக்கலாமா?" என்று ஒரு அம்மா கேட்டால், ரத்தம் சரியாக உருவாகாத அந்தப் பரம்பரை நோய்க்கு அடிக்கடி ஏற்றும் ரத்தத்தால் அவன் உடலில் ஏற்கெனவே இரும்பு சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். முதல் கேள்விக்கு ஒரு படிப்பு, இரண்டாவது கேள்விக்கு இன்னொரு படிப்பு. வரிசையில் நிற்கும் அந்த அம்மாவுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

ஆகவே கல்லூரியில் சேரும் முன் துறைத்தலைவரிடம் நேரில் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை வாரம் வார்டுக்கு அனுப்புவீர்கள்? எத்தனை வாரம் அங்கன்வாடிக்கும் கிராமத்துக்கும் அனுப்புவீர்கள்? இரண்டுக்கும் எண்ணாகப் பதில் வாங்குங்கள். போன வருடம் முடித்த மாணவிகள் இரண்டு பேரின் தொலைபேசி எண்ணை வாங்கி, அந்தப் பதில் சரியா என்றும் கேட்டுவிடுங்கள்.